பிரிசால் மன்னிக்கிறது

"கீழே பார்க்காதீங்க பாஸ்!" என்று கரையிலிருந்து கத்தினான் தாச்சோ.

கத்திய பிறகுதான் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. புருனில்டா அரோச்சோ உடனே கீழே பார்த்தாள்.

நாற்பது அடி ஆழத்தில் ஆறு காப்பி நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. பாலம் இருந்த இடத்தில் இரண்டு தூண்கள் மட்டும் மிச்சம். துப்பறியும் நிபுணர் புருனில்டா அமர்ந்திருந்தது ஒரு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில். அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நான்கு மூலையிலும் சங்கிலி கட்டி, கரைக்குக் கரை இழுத்த இரும்புக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒத்திலியா புயல் பாலத்தை அடித்துக்கொண்டு போன மறுவாரமே குவாயாபால் ஊர்க்காரர்கள் தாங்களாகக் கட்டிக்கொண்ட பாலம் இது. பத்து வாரம் ஆகியும் அரசாங்கத்தின் பாலம் கோப்பை விட்டு இறங்கவில்லை.

வண்டி அக்கரை சேர்ந்து, காலியாகத் திரும்பி வந்தது. கயிறு இழுக்கும் மொன்சீன் தாச்சோவை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, உங்க எடை என்ன?"

"புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"இப்ப."

"இருநூத்திப் பத்து பவுண்டு."

"வண்டி இருநூறுதான் தாங்கும்."

"அப்ப பத்து பவுண்ட உங்கிட்ட விட்டுட்டுப் போறேன். பத்திரமா பார்த்துக்க. திரும்பி வந்து வாங்கிக்கறேன்."

புருனில்டா அக்கரையிலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். பதினொன்று பத்து. தாச்சோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டு ஏறினான். இருபத்திரண்டு வருடம் பிண ஊர்தி ஓட்டியவன் அவன். ஆனால் அதில் என்றுமே பின்பக்கத்தில் படுத்துப் போனதில்லை.

மலைப்பாதையில் அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினான்.

"பாஸ், ஒண்ணு கேக்கறேன். நம்மள வேலைக்கு வச்சதே பிரிசால் சோப்பு கம்பெனி. இன்னிக்குக் காலையில அவங்களே போன் பண்ணி, கேஸ் முடிஞ்சுபோச்சு, பில்ல அனுப்புங்கன்னுட்டாங்க. உலகத்துலயே இனிமையான வார்த்தை அது. அதக் கேட்டுட்டு எதுக்கு இப்படி ஓடி வரோம்?"

"அதைக் கேட்டதாலதான்."

விஷயம் இதுதான். புயல் முடிந்த கையோடு, பிரிசால் கம்பெனி ஒரு வழவழப்பான விளம்பரக் காகிதத்தைப் போர்ட்டோ ரிக்கோ தீவு முழுக்க வினியோகித்தது. 'பிரிசாலின் இதயம் உங்களோடு' என்று தலைப்பு. குவாயாபால் மலை ஊருக்குப் பன்னிரண்டு ஜெனரேட்டர்கள் இலவசமாகக் கொடுத்ததாகச் செய்தி. பெட்டியை வாங்கிக்கொண்டு கண்ணீர் வடிக்கும் ஒரு பெண்ணின் படம். பள்ளிக்கூடச் சமையற்காரி, ஊரார் மரியாதையாகத் 'தோன்யா' என்று அழைக்கும் இபோலித்தா. படத்துக்குக் கீழே, 'அக்டோபர் 2, புயல் ஓய்ந்த எட்டாம் நாள்.'

ஒரு பத்திரிகைக்காரன் எப்படியோ குவாயாபாலுக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, 'அங்கே மெழுகுவர்த்திதான் எரிகிறது, ஜெனரேட்டர் எங்கே?' என்று எழுதிவிட்டான். கம்பெனி பதறியது. 'நாங்கள் கொடுத்தோம், படம் இருக்கிறது, அந்த அம்மாதான் விற்றுவிட்டாள்' என்றது. தேடிக் கண்டுபிடிக்கப் புருனில்டாவை அமர்த்தியது. அது முந்தாநாள்.

"காலையில துணைத்தலைவர் சிஃப்ரே என்ன சொன்னாரு?" என்றாள் புருனில்டா, நடையைக் குறைக்காமல்.

"பன்னெண்டு மணிக்கு அந்தம்மா திருட்டை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடறா. கம்பெனி பெரிய மனசு பண்ணி எல்லார் முன்னாடியும் மன்னிக்குது. டி.வி. வருது. சுபம்."

"பொருளைத் தொலைச்சவன் திருடனைப் பிடிச்சா, 'என் பொருள் எங்கே'ன்னு சட்டையைப் பிடிப்பான். இந்த ஆள் 'கேமரா எங்கே'ன்னு கேக்கறாரு. பன்னெண்டு ஜெனரேட்டர் தாச்சோ! ஒண்ணைப் பத்தியாவது ஒரு வார்த்தை கேட்டாரா?"

தாச்சோ யோசித்தான். கேட்கவில்லை.

"அப்ப நாம இப்ப ஜெனரேட்டரைத் தேடப் போறோம்."

"இல்லை. மரத்தைத் தேடப் போறோம்."

அவள் விளம்பரக் காகிதத்தை நீட்டினாள். இபோலித்தாவுக்குப் பின்னால் ஒரு சீமைப்பலா மரம், கை விரித்தாற்போல் அகன்ற இலைகளோடு ஓங்கி நின்றது.

தாச்சோ வானத்தைப் பார்த்தான். 'மெஷின் காணாமல் போனால் மரத்தைத் தேடுகிறாள். நாளை மரம் காணாமல் போனால் மேகத்தைத் தேடுவாள்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

காகிதத்தை அவன் இன்னொரு முறை பார்த்தான். பார்த்தவன் நின்றுவிட்டான்.

"பாஸ். பெட்டியத் தூக்கற இந்த ரெண்டு பேரப் பாருங்க. ஜெனரேட்டர்னா நூத்தம்பது பவுண்டாவது இருக்கும். கழுத்து நரம்பு புடைக்கணும், முழங்கால் மடங்கணும், மூஞ்சி கோணணும். எத்தனை சவப்பெட்டி தூக்கியிருப்பேன், எனக்குத் தெரியாதா? இவன் ஒரு கையால தூக்கிட்டு இன்னொரு கையால முடியச் சரி பண்றான். உள்ள காத்துதான் இருக்கு."

புருனில்டா சிரித்தாள். "உன்னை எதுக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்கேன்னு சில நாள் ஞாபகம் வந்துடுது."

"மாசக் கடைசியிலயும் வந்தா நல்லாருக்கும்."

பள்ளிக்கூடச் சமையற்கட்டின் கூரையில் பாதியை நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கவில்லை. ஆனாலும் அடுப்பு எரிந்தது. ஆள் இறங்கிக் குளிக்கும் அளவு பெரிய பானையில் சோறும் டின் சாசேஜும் வெந்துகொண்டிருந்தன. கிளறிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். விளம்பரத்தில் அழுத அதே முகம். இப்போது அதில் அழுகை இல்லை, தூக்கம்தான் குறைந்திருந்தது.

"நீங்கதானே என்னைக் கண்டுபிடிக்க வந்த போலீசம்மா? உக்காருங்க. காப்பி குடிச்சுட்டுக் கண்டுபிடிங்க" என்றாள் இபோலித்தா.

துணி வடிகட்டியில் காப்பி இறங்கியது. வாசலில் குறுக்கே கிடந்த ஒரு பெருத்த அடிமரத்தின் மேல் தாச்சோ தன் இருநூற்றுப் பத்துப் பவுண்டையும் இறக்கி வைத்தான். அப்பாடா!

சுவரோரம் ஒரு ஐஸ் பெட்டி. இபோலித்தா மூடியைத் திறந்து தண்ணீரைச் சாய்த்தபோது உள்ளே சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள் வரிசையாகத் தெரிந்தன.

"இன்சுலினா?" என்றாள் புருனில்டா.

"பத்தொம்பது பேருக்கு. தினம் ஆத்தைத் தாண்டிப் போய் ஐஸ் வாங்கியாறேன். வரிசையில நாலு மணி நேரம். நான் உள்ள போயிட்டா யாரு நிப்பா? அதான் கையெழுத்துப் போடறேன்னுட்டேன். ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லை, ஊருக்கு ஒரு ஜெனரேட்டர் தரோம்னு சொல்றாங்க. ஒத்துக்கலைன்னா போலீஸ் கூட்டிட்டுப் போயிடுமாம்."

"பன்னெண்டு ஜெனரேட்டரையும் நீங்க வித்தீங்களா?"

"வித்தேன்னுதான் கையெழுத்துப் போடப்போறேன்."

"யாருக்கு வித்தீங்க?"

"அது இன்னும் தெரியல கண்ணு. அவங்க எழுதிக் கொண்டாறாங்க."

தாச்சோவுக்குக் காப்பி புரையேறியது.

புருனில்டா சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். "தோன்யா இபோலித்தா, உங்களுக்குப் பின்னால ஒரு சீமைப்பலா மரம் நிக்குதே. அது எங்கே?"

கரண்டி பானைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"மரமா? எந்த மரம்? எனக்கு ஞாபகம் இல்லை."

திருட்டைப் பற்றிக் கேட்டபோது கண் இமைக்காமல் பதில் சொன்னவள், மரத்தைப் பற்றிக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊத ஆரம்பித்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. திருடி என்று பெயர் வாங்கத் தயாராக இருப்பவள் ஒரு மரத்துக்கு ஏன் பயப்படுகிறாள் என்று தாச்சோ குழம்பினான். ஏதோ கேட்க வாயைத் திறந்தான்.

அதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது.

மலையைச் சுற்றி வரும் வழியில் இரண்டு மணி நேரம் குலுங்கிய மூன்று வண்டிகள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றன. முதலில் ஒரு போலீஸ் சார்ஜெண்ட் இறங்கினார். அடுத்து டி.வி. கேமராக்காரன். லாரியில் ஒரே ஒரு ஜெனரேட்டர், சிவப்பு ரிப்பன் கட்டிக் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெரிய பலகை. 'பிரிசால் மன்னிக்கிறது.'

அதே வாசகம் அச்சடித்த பனியனோடு துணைத்தலைவர் ராமிரோ சிஃப்ரே இறங்கினார். உள்ளே இஸ்திரி போட்ட சட்டை, வெளியே பனியன். சமையற்கட்டுக்குள் புருனில்டாவைக் கண்டதும் புன்னகை அரை அங்குலம் சுருங்கியது.

"மேடம்! நீங்க எதுக்குச் சிரமப்பட்டு? பில்லை அனுப்பியிருக்கலாமே!"

"நேர்ல குடுக்கலாம்னு வந்தேன்."

"சந்தோஷம். இருந்து பார்த்துட்டுப் போங்க. ரொம்ப உருக்கமா இருக்கும்." சிஃப்ரே இபோலித்தாவிடம் திரும்பினார். "தோன்யா, நல்லாக் கேட்டுக்கோங்க. இங்க கையெழுத்து. போடறப்ப தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்கணும். அப்ப நான் தோளைத் தொடுவேன். தொட்ட உடனே நிமிர்ந்து என்னைப் பார்க்கணும். அழுகை வந்தா அடக்காதீங்க. ஊர்க்காரங்க எல்லாருக்கும் பனியன் குடுத்தாச்சா?"

விஷயம் கேள்விப்பட்டு முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். மொன்சீனும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். அவனுக்குக் கொடுத்த பனியன் சின்னது. தொப்புள் வெளியே தெரிந்தது.

"நல்லா இருந்தவதான். என்ன போறாத காலமோ, பன்னெண்டையும் வித்துத் தின்னுட்டா" என்றான் பக்கத்திலிருந்தவனிடம், இபோலித்தாவுக்குக் கேட்கட்டும் என்றே.

இபோலித்தா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள் புருனில்டா. "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சாட்சியை விசாரிக்கணும்."

"சாட்சியா? யாரு?" சிஃப்ரே சுற்றிலும் பார்த்தார்.

"தாச்சோ, எழுந்திரு."

"நானா பாஸ்? நான் எதையும் பாக்கலையே!"

"நீ இல்லை. நீ உக்காந்திருக்கற ஆள்."

தாச்சோ துள்ளி எழுந்து குனிந்து பார்த்தான். பெருத்த அடிமரம். ஒரு முனையில் ரம்பம் அறுத்த தடம். மறுமுனையில் மண்ணோடு பிடுங்கிய வேர்கள், முழங்கால் உயரத்துக்கு விரிந்து கிடந்தன. அறுபட்ட இடத்தில் பால் வடிந்து கறுத்துக் கெட்டியாகியிருந்தது. சீமைப்பலா!

"சார்ஜெண்ட், இந்த மரம் எப்ப விழுந்துச்சுன்னு யாரையாவது கேளுங்க" என்றாள் புருனில்டா.

"யாரைக் கேக்கறது? ஒத்திலியா அன்னிக்கு ராத்திரி விழுந்துச்சு" என்றான் மொன்சீன். "சமையக்கட்டுக் கூரை மேலதான் விழுந்துது. நாங்க ஆறு பேரு மூணு நாள் அறுத்தோம். அதான் மேல தார்ப்பாய்."

புருனில்டா விளம்பரக் காகிதத்தை உயர்த்திப் பிடித்தாள்.

"புயல் ஓய்ஞ்ச எட்டாம் நாள் எடுத்த படம். கம்பெனியே அச்சடிச்சிருக்கு. மரம் நிக்குது. கூரை முழுசா இருக்கு. விழுந்த மரம் எட்டு நாள் கழிச்சு எழுந்து நின்னு, போட்டோவுக்கு முகம் காட்டிட்டு, மறுபடியும் படுத்துக்கிச்சா?"

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்தது. வாரக்கணக்கில் ஊரே பார்த்த படம்தான். எல்லோரும் பார்த்தது இபோலித்தாவின் முகத்தை மட்டுமே.

சிஃப்ரே சமாளித்தார். "அது... வேற இடத்துல எடுத்திருப்பாங்க. இந்த ஊர்ல மரத்துக்கா பஞ்சம்?"

"எந்த இடமா வேணாலும் இருக்கட்டும். இலையைப் பாருங்க சார்."

"இலைக்கு என்ன? பச்சையாத்தானே இருக்கு?"

அடுத்த விநாடி கேமராக்காரன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அவனைத் தொடர்ந்து சார்ஜெண்ட். பிறகு ஊரே சிரித்தது.

போர்ட்டோ ரிக்கோவில் அந்த எட்டு நாளையும் அனுபவித்த ஒருவனுக்கு விளக்கம் தேவையில்லை. அன்று தீவில் ஒரு மரத்திலும் ஒரு இலை இல்லை. மலையெல்லாம் மொட்டையடித்துக் கருகிய நிறத்தில் கிடந்தது. இலை திரும்பத் துளிர்த்துப் பச்சை கட்ட வாரக் கணக்கில் ஆனது. இப்போது பச்சையைப் பார்த்துப் பழகிவிட்டதால் யாருக்கும் அது உறைக்கவில்லை.

"சார், அந்த எட்டு நாள் நீங்க எங்க இருந்தீங்க?" என்று பணிவாகக் கேட்டாள் புருனில்டா.

"ஆர்லாண்டோல... மச்சினி வீட்டுல" என்றார் சிஃப்ரே.

"அதான். இது புயலுக்கு அப்புறம் எடுத்த படம் இல்லை சார்ஜெண்ட். புயலுக்கு முன்னாடியே எடுத்தது. காலிப் பெட்டியை வச்சு எடுத்தது. வராத புயலுக்கு, வாங்காத ஜெனரேட்டரை, குடுக்காமலே குடுத்த படம்."

சிஃப்ரேயின் நெற்றியில் வேர்த்தது. அந்தப் பனியனாலேயே துடைத்துக்கொண்டார்.

"மேடம், எங்க நிலைமையையும் கொஞ்சம் யோசிங்க. போன புயல்ல எங்க உதவிச் செய்தி பத்திரிகையில நாலாவதா வந்தது. ஒரு மெத்தைக் கம்பெனி எங்களை முந்திடுச்சு. மெத்தைக் கம்பெனி! அதனால இந்தத் தடவை புயல் சீசன் ஆரம்பிக்கறப்பவே, ஜூன்ல எல்லாம் எடுத்துத் தயாரா வச்சுட்டோம். ஜெனரேட்டர் வாங்கறதாத்தான் இருந்தோம். சத்தியமா. ஒதுக்கின பணமெல்லாம் விளம்பரத்துக்கே முடிஞ்சுபோச்சு."

"அப்ப திருட்டுப் பட்டம்?"

"அது... பத்திரிகையில கேட்டுட்டாங்களே. ஏதாவது சொல்லணுமில்ல?"

சார்ஜெண்ட் வாக்குமூலக் காகிதத்தை வாங்கினார். நான்காக மடித்தார். நொண்டிக்கொண்டிருந்த சோற்று மேசையின் காலுக்கடியில் செருகினார். மேசை ஆடாமல் நின்றது.

"எங்கம்மா வீட்டுலயும் பத்து வாரமா கரண்ட் இல்ல சார்" என்றார் சிஃப்ரேயிடம், ரொம்ப அமைதியாக.

அதே சமயம் பின்னாலிருந்து 'தடதடதட'வென்று பெருஞ்சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். ஜெனரேட்டர் லாரியிலிருந்து இறங்கிச் சமையற்கட்டு வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு ரிப்பன் தாச்சோவின் கழுத்தில் இருந்தது. அவனும் மொன்சீனும் கழுத்து நரம்பு புடைக்க, முழங்கால் மடங்க நின்றார்கள்.

"பாஸ், இதுல நிஜமாவே மெஷின் இருக்கு! நான் இவரை மன்னிச்சுட்டேன்!"

"யாரு இறக்கச் சொன்னது?" என்று சிஃப்ரே பாய்ந்தார்.

புருனில்டா அவர் தோளைத் தொட்டாள். ஒத்திகையில் அவர் காட்டிய அதே இடத்தில்.

"சார், கேமரா இன்னும் ஓடுது. மீதி பதினொண்ணும் என்னிக்கு வருதுன்னு உங்க வாயாலேயே சொல்லிடுங்க. உருக்கமா இருக்கும். அழுகை வந்தா அடக்காதீங்க."

சிஃப்ரே சிவப்பு விளக்கைப் பார்த்தார். சிவப்பு விளக்கு சிஃப்ரேயைப் பார்த்தது. பல வருடப் பழக்கம் வேலை செய்தது. முதுகு நிமிர்ந்தது, புன்னகை மலர்ந்தது.

"வெள்ளிக்கிழமை" என்றார்.

வண்டிகள் இறங்கிப் போன பிறகு, சமையற்கட்டுக் குளிர்பெட்டி பத்து வாரத்தில் முதல்முறையாக உறுமியது. இபோலித்தா ஒவ்வொரு குப்பியாகத் துடைத்து உள்ளே அடுக்கினாள். ஊர்க்காரர்கள் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். மொன்சீன் வரிசையின் கடைசியில் நின்றான். தலை நிமிரவில்லை. இபோலித்தா அவன் தட்டில் மட்டும் ஒரு கரண்டி அதிகம் போட்டாள். அது அவனை இன்னும் குனிய வைத்தது.

எல்லோரும் நகர்ந்த பிறகு புருனில்டா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தாச்சோ பழைய இடத்தில், தன் சாட்சியின் மேல் அமர்ந்தான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் பிடிபடலை அக்கா" என்றாள் புருனில்டா. "'இது ஜூன்ல எடுத்த படம்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஊரே திருடின்னு ஏசிச்சு. திருடினேன்னு கையெழுத்துப் போடக்கூடத் தயாரா இருந்தீங்க. மரத்தைப் பத்திக் கேட்டா மட்டும் நடுங்கினீங்க. ஏன்?"

இபோலித்தா குளிர்பெட்டியின் கதவைச் சாத்தினாள். மறுபடியும் திறந்து பார்த்தாள். சாத்தினாள்.

"சோப்பு விளம்பரம்னுதான் சொன்னாங்க. லீவு நாளு. நான் மட்டும் பாத்திரம் தேய்க்க வந்திருந்தேன். நின்னு அழுதா ஒரு பெட்டி சோப்பு தரேன்னாங்க. எனக்கு அழுகையே வரல. படம் எடுக்க வந்தவன், 'புயல்ல உங்க கூரை போயிடுச்சுன்னு நெனச்சுக்கங்க'ன்னான். நெனச்சேன், வரல. 'பக்கத்து வீட்டுக்காரங்க செத்துட்டாங்கன்னு நெனச்சுக்கங்க'ன்னான். அப்பவும் வரல. அவன் கைக்கடிகாரத்தைப் பாத்தான். சோப்பு போயிடுமேன்னு எனக்குப் பதட்டம்."

தாச்சோ ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சூழ்நிலையை இலேசாக்க நினைத்தான். கழுத்திலிருந்த ரிப்பனைக் கழற்றிச் சுருட்டினான்.

"கண்ண மூடிக்கிட்டேன். 'சாமி, நெஜமாவே ஒரு புயல அனுப்பு, எனக்கு அழுகை வரட்டும்'னு வேண்டிக்கிட்டேன்."

அவள் வாசலில் கிடந்த மரத்தைப் பார்த்தாள்.

"அழுகை உடனே வந்துடுச்சு. புயல் வரத்தான் செப்டம்பர் ஆச்சு."